ஒரு முள் குறைகிறது

மூன்றாவது தடவையாக மீனுக்குள் விரல் விடுகிறார் பிங் சித்தப்பா. முதல் தடவை கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாயிற்று. இரண்டாம் தடவை, மேலே தொங்கும் விளக்கைக் கீழே இழுத்துவைத்துப் பார்த்தாயிற்று. இப்போது கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கண்களை இறுக மூடி, வெந்த சதையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மெல்லத் தேய்க்கிறார். வானொலியை அணைத்துவிட்டார். குழாயடியில் பாத்திரம் கழுவும் உதவிக்காரி லாய்குன்கூட இந்த நேரத்தில் தண்ணீரை நிறுத்திவிட வேண்டும்.

"கண்ணாடி போட்டா எல்லாம் தெரியுதுன்னு ஒரு திமிர் வந்துடுது எனக்கு. அதான் கடைசித் தடவை மூடிக்கறேன்" என்பார்.

எடுத்த முள்ளை உடனே எறிவதில்லை. நனைத்துப் பிழிந்த நீலத் துணியைத் தட்டில் விரித்து, நடுமுள்ளை நீளவாக்கில் கிடத்தி, விலா முட்களை இரண்டு பக்கமும் அதனதன் இடத்தில் அடுக்குவார். குழந்தைகள் சாப்பிட்டு, பாய் விரித்து, கடைசிக் குழந்தையும் தூங்கிய பிறகுதான் துணி குப்பைக்குப் போகும். பதினோரு வருடமாக வெள்ளிக்கிழமைதோறும் இப்படித்தான்.

முழுப்பெயர் குவான் யியூபிங். வயது ஐம்பத்தேழு. அமெரிக்காவின் ஓக்லண்ட் சைனா டவுனில், வெப்ஸ்டர் தெருவிலிருந்து ஒரு திருப்பம் தள்ளி, தேவாலயக் கீழ்த்தளத்தில் நடக்கும் மழலையர் பள்ளியில் சமையல் வேலை. முப்பத்தாறு குழந்தைகள், பெரியதற்கு ஐந்து வயது, சின்னது இரண்டரை. அத்தனை பேருக்கும் அவர் சித்தப்பா. அவர்களைப் பெற்றவர்களுக்கும் சித்தப்பா. பள்ளியை நடத்தும் ஆட்ரி ஜூவுக்கும், அவளுடைய தாத்தாவின் தாத்தா சீனாவிலிருந்து இங்கே தண்டவாளம் போட வந்தவர் என்றாலும், இவர் சித்தப்பாதான்.

தென்சீனத்தில் கைப்பிங் பக்கத்திலிருந்து இருபத்திரண்டு வயதில் வந்தவர். ஸ்டாக்டனில் ஓர் உணவகத்தின் பின்கட்டில் இருபத்து நான்கு வருடம் வாணலி பிடித்தார். ஒரு நாள் வலது மணிக்கட்டு மடங்கமாட்டேன் என்றது. வாணலியும் போயிற்று, வேலையும் போயிற்று. அந்த இருபத்து நான்கு வருடத்தில் தன் சமையலைச் சாப்பிடுகிற ஒரு முகத்தைக்கூடப் பார்த்ததில்லை என்று சொல்வார். "தட்டு போகும், தட்டு வரும். நடுவுல என்ன நடந்துச்சுன்னு எவனுக்குத் தெரியும்?"

இங்கே எல்லாம் தெரிகிறது. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு சாளரம். அதில் முழங்கையை ஊன்றிக்கொண்டு யார் எதை ஒதுக்குகிறார்கள், யார் எதைப் பக்கத்துக் கிண்ணத்துக்குக் கடத்துகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார். திங்கட்கிழமை பன்றி இறைச்சியும் இஞ்சியும் போட்ட கஞ்சி. செவ்வாய்க்கிழமை தாமரைக்கிழங்கு சூப். குழந்தைகள் கிழங்குத் துண்டைக் கண்ணில் வைத்து, ஓட்டை வழியாக ஒருவரையொருவர் பார்த்த பிறகுதான் கடிப்பார்கள். புதன்கிழமை ஆவியில் வேகவைத்த முட்டை. கிண்ணத்தைத் தட்டினால் அது நடுங்கும். ஆசிரியைகள் தட்டக் கூடாது என்பார்கள், அவர் சாளரம் வழியாக, "ஒரே ஒரு தட்டு தட்டிக்கட்டும் விடுங்க. எழுந்திருச்சிருச்சான்னு பாக்க வேணாமா?" என்பார்.

பாதிக் குழந்தைகளின் வீட்டில் அப்பா இரண்டு வேலை, அம்மா இரண்டு வேலை. இரவுக்குக் கொதிநீர் ஊற்றிய டப்பா நூடுல்ஸ். தங்கள் ஊர்ச் சாப்பாடு என்று அந்தப் பிள்ளைகள் அறிந்திருப்பது இவர் கையால் வருவதைத்தான். அதைப் பற்றி அவர் பெரிதாக ஒன்றும் பேசுவதில்லை. பேசினால் ஒன்றே ஒன்று: "வாய்க்கு வெளியில இருக்கற வரைக்கும் யார் பொறுப்போ. உள்ள போனா என் பொறுப்பு."

அந்த வருடம் சீனப் புத்தாண்டு விருந்துக்கு முழு மீன் வைக்கவேண்டும் என்றாள் ஆட்ரி.

"முழுசுன்னா?" என்று கேட்டார் பிங்.

"தலை, வால் எல்லாத்தோட. மேசை நடுவுல. பெத்தவங்க வராங்க, தாத்தாங்க வராங்க. நம்ம பிள்ளைங்க ஒரு முழு மீனைப் பாத்ததே இல்ல சித்தப்பா. கேட்டா சதுரமா இருக்கும்னு சொல்லுதுங்க."

"பாக்கட்டும். ஆனா சாப்பிடறது என் தட்டுலேருந்துதான். முழு மீனு மேல ஒரு சாப்ஸ்டிக் படக் கூடாது."

"படம் எடுத்ததும் உள்ள அனுப்பிடறேன். சத்தியமா."

"டீச்சரம்மா, கூடத்துல அறுபது பேரு இருப்பாங்க."

"அஞ்சே நிமிஷம்."

அவர் திரும்பி அரிசி களைய ஆரம்பித்தார். சம்மதம் என்று அவள் எடுத்துக்கொண்டாள். மறுநாள் காலை நான்கு பாஸ் மீன் வந்தது. மூன்று மீன் குழந்தைகளுக்கு. ஒன்று மேசைக்கு.

அன்று மூன்று மீனையும் அவர் நான்கு தடவை பார்த்தார். மூன்று நீலத் துணிகளில் மூன்று எலும்புக்கூடுகள் அடுக்கியாயிற்று. நான்காவது மீன் வெங்காயத்தாளும் இஞ்சியும் தலையில் சூடிக்கொண்டு, காய்ச்சிய எண்ணெய் மேலே விழுந்து சடசடக்க, கூடத்துக்குப் போனது. குழந்தைகள் "ஹோ" என்று கத்தின. ஒரு பையன் அதன் கண்ணைப் பார்த்து அழுதான். பிங் சாளரத்தில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து நிமிடம் ஆயிற்று. ஏழு ஆயிற்று. யாரோ ஒரு தகப்பன் தன் மகனை மீனுக்குப் பின்னால் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். பிறகு இன்னொரு தகப்பன்.

"லாய்குன், போய் அந்தத் தட்டை எடுத்துட்டு வா."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்புவதற்குள் அந்த இருமல் கேட்டது.

முப்பத்தாறு குழந்தைகள் இருக்கிற இடத்தில் இருமலுக்குப் பஞ்சமில்லை. சளி இருமல் அவருக்குத் தெரியும், புரையேறிய இருமல் தெரியும், கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லும் பொய் இருமலும் தெரியும். இது எதிலும் சேராதது. அவர் சாளரத்தை விட்டுக் கதவு வழியாக ஓடினார்.

யான்யீ. மூன்றரை வயது. மேசை ஓரத்தில் அவளுடைய தாத்தாவின் மடியில் உட்கார்ந்திருந்தாள். கை தொண்டையில். வாயோரம் எச்சில் கோடாக வழிந்தது. விழுங்கப் பார்த்தாள், முகம் சுருங்கியது, வீரிட்டாள்.

தாத்தா யூனுக்கு எழுபத்தாறு வயது. பேத்தியைப் பள்ளிக்குக் கொண்டுவந்து விடுவதும் கூட்டிப்போவதும் அவர்தான். அதற்குள் அவர் கிண்ணத்துச் சோற்றைக் கையில் அள்ளி, கோலிக்குண்டுபோல இறுக்கி உருட்டியிருந்தார்.

"வாயைத் தொற செல்லம். மெல்லாம அப்படியே முழுங்கு. உள்ள போயிடும்."

பிங் அந்தக் கையைப் பிடித்தார்.

"வேணாம் பெரியவரே."

"விடுய்யா. முள்ளு சிக்கிருக்கு."

"தெரியுது. சோத்தைக் குடுக்காதீங்க. இன்னும் ஆழமா குத்தும்."

"எங்க ஊருல எத்தனை பேருக்கு நானே குடுத்திருக்கேன் தெரியுமா? ஏய், சமையக்காரா, கைய விடுறியா இல்லியா?"

கூடமே திரும்பிப் பார்த்தது. பதினோரு வருடத்தில் பிங் சித்தப்பா குரலை உயர்த்தி அங்கே யாரும் கேட்டதில்லை. கெட்டுப்போன அந்த வலது மணிக்கட்டால்தான் கிழவரின் கையைப் பிடித்திருந்தார். வலி தோள்வரை ஏறியது. கிழவர் மறு கையால் அவர் மார்பில் குத்தித் தள்ளினார். குழந்தை இருவருக்கும் நடுவே அலறியது.

"விட மாட்டேன்!" என்று கத்தினார் பிங். "அழுவுறா பாருங்க! அழுகை வருதுன்னா மூச்சு வருது. மூச்சு வர்ற குழந்தைக்கு எதையும் உள்ள தள்ளாதீங்க! டீச்சரம்மா, ஆம்புலன்ஸ்!"

சோற்று உருண்டை கிழவரின் கையிலிருந்து நழுவி மேசையில் விழுந்து உதிர்ந்தது.

ஆம்புலன்ஸ் வர ஒன்பது நிமிடம் ஆயிற்று. அதுவரை பிங் தரையில் மண்டியிட்டு, யான்யீயை நேராக நிமிர்த்தி உட்காரவைத்து, எச்சிலைத் துண்டால் துடைத்தபடி, "துப்பு கண்ணு, முழுங்காத. இந்தத் துணியில துப்பு" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை நடக்கும் முதலுதவி வகுப்பில் சமையல்காரர்கள் கடைசி வரிசையில் தூங்குவார்கள். இவர் முன் வரிசையில் உட்கார்ந்து, மொழிபெயர்க்க வந்தவளைக் கேள்வி கேட்டே ஓய்த்துவிடுவார்.

ஆட்ரியும் கிழவரும் குழந்தையோடு போனார்கள். அம்மா சோய்ஹா விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் ஒரு விடுதியில் அறை சுத்தம் செய்கிறாள். அங்கிருந்தே நேராக மருத்துவமனைக்கு வருவதாகச் சொன்னாள்.

விருந்து அத்தோடு முடிந்தது. ஆசிரியைகள் எல்லாக் கிண்ணங்களையும் பிடுங்கினார்கள். பெற்றவர்கள் தங்கள் பிள்ளைகளின் வாயைத் திறந்து பார்த்தார்கள். கோட்டுப் பித்தானை மாட்டியபடி ஒருவர் உரக்கவே சொன்னார்: "முள்ளெல்லாம் எடுத்தாச்சுன்னு அடிச்சு சொன்னாங்களே. என்னத்தை எடுத்தாங்க?" இன்னொருத்தி, "சாண்ட்விச் குடுத்தா போதாதா? இந்த வம்பெல்லாம் எதுக்கு?" என்றாள். பிங் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

முதலில் முதல் துணியைப் பார்த்தார். கண்ணாடியோடு ஒரு தடவை. விளக்கை இழுத்து ஒரு தடவை. பிறகு விரலால் ஒவ்வொரு முள்ளாகத் தொட்டு. எல்லாம் இருந்தது. இரண்டாம் துணி, எல்லாம் இருந்தது. மூன்றாம் துணியில் ஒன்பதாவது விலா முள் இல்லை. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டார். பிறகு பார்த்தால் அது துணியின் மடிப்புக்குள் ஒட்டிக்கொண்டிருந்தது.

"நீ எண்ணு," என்றார் லாய்குனிடம். "என்னை நம்பாத. நீ தனியா எண்ணு."

அவள் எண்ணினாள். மூன்றும் சரி.

"எல்லாம் இருக்கு அண்ணா! நம்ம மேல தப்பே இல்ல. இருங்க, போன்ல படம் எடுத்து வெச்சுக்கறேன். நாளைக்கு எவனாச்சும் வந்து கேட்டா மூஞ்சிக்கு நேரா காட்டலாம்."

"தப்பு யாருதுன்னு நாளைக்குப் பாக்கலாம். முள்ளு எங்கன்னு இன்னிக்கு, இப்பவே தெரியணும். அந்த மேசை மீனை எடு."

மேசை மீன் ஆறிப்போய்த் தட்டோடு மூலையில் கிடந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் முழுசாகத்தான் இருந்தது. வெங்காயத்தாளை விலக்கினார். செவுளுக்குக் கீழே, வயிற்றுப் பக்கம், ஒரு கரண்டி அளவுக்குச் சதை இல்லை. ருசி அறிந்தவர்கள் முதலில் கை வைக்கும் இடம். கொழுப்பும் மென்மையும் உள்ள இடம். பிரியமானவர்களுக்கு எடுத்து ஊட்டும் இடம்.

அவர் அந்த மீனை உரித்தார். இவ்வளவு வருடத்தில் இவ்வளவு மெதுவாக எந்த மீனையும் உரித்ததில்லை. நான்காவது துணியில் நடுமுள் படுத்தது. ஒரு பக்கம் பத்து விலா முள். மறுபக்கம் ஒன்பது. தட்டில் தேங்கியிருந்த சாற்றைச் சல்லடையில் வடிகட்டினார். இல்லை. இருவரும் கூடத்துக்குப் போய் மேசை, நாற்காலி, தரை என்று மண்டியிட்டுத் தடவினார்கள். உதிர்ந்து கிடந்த சோற்றையும் பருக்கை பருக்கையாகப் பார்த்தார்கள். இல்லை.

மூன்றரை மணிக்குத் தொலைபேசி அடித்தது. ஆட்ரி. குரலே லேசாகியிருந்தது.

"நல்ல சேதி சித்தப்பா. எக்ஸ்ரேல ஒண்ணுமில்ல. தொண்டைய டார்ச் அடிச்சும் பாத்துட்டாங்க. முள்ளு கீறிட்டு அப்பவே உள்ள போயிருக்கும், அந்தக் கீறல்தான் வலிக்குதுன்னு சொல்றாங்க. வீட்டுக்கு அனுப்பறாங்க."

"ஒரு முள் குறையுது."

"என்னது?"

"மேசை மீன்ல. வயித்துப் பக்கத்து முள்ளு. அனுப்ப விடாதீங்க."

"சித்தப்பா, டாக்டரே பாத்துட்டாரு. படத்துல இல்ல."

"அதோட ஜோடி முள்ளு என் கையில இருக்கு டீச்சரம்மா. விளக்குக்கு நேரா பிடிச்சா என் கண்ணுக்கே தெரியல, கண்ணாடி மாதிரி இருக்கு. படத்துல எப்படித் தெரியும்? இப்ப எச்சில் முழுங்கறாளா? அதைச் சொல்லுங்க."

தொலைபேசியில் காலடிச் சத்தம் கேட்டது. "அம்மா தோள்ல படுத்திருக்கா. வழியுது. அம்மா சட்டையெல்லாம் ஈரம்."

"பெரியவர்கிட்ட போனைக் குடுங்க."

கிழவரின் மூச்சு கேட்டது.

"பெரியவரே, திட்டறதுக்குக் கேக்கல. மேசை மீன்லேருந்து நீங்க ஊட்டினீங்களா?"

"சோறுதான் தின்னா."

"வயித்துப் பக்கம் ஒரு வாய் குறையுது. அதை எடுத்தவருக்கு மீனைப் பத்தித் தெரிஞ்சிருக்கு. நானா இருந்தாலும் என் பிள்ளைக்கு அங்கேருந்துதான் எடுத்திருப்பேன்."

பின்னணியில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், சக்கரம் உருண்டது. பிங் தொலைபேசியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். லாய்குன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு வாய்தான்," என்றது கிழவரின் குரல், மிகச் சின்னதாக. "நாக்கால தடவிப் பாத்துட்டுத்தான் குடுத்தேன்."

பிங் ஜோடி முள்ளை ஈரத் துணியோடு ஒரு மூடி போட்ட டப்பாவில் வைத்தார். சமையல் மேலங்கியைக் கழற்றவும் தோன்றவில்லை. அப்படியே தெருவுக்கு ஓடினார். புத்தாண்டுச் சந்தை நெரிசல். ஆரஞ்சுப் பெட்டிகளும் பூத்தொட்டிகளும் நடைபாதையை அடைத்துக்கொண்டிருந்தன. சிங்கத் தலையைத் தூக்கிக்கொண்டு ஆடுகிற கூட்டம் ஒன்று எதிரே வந்தது. மேளத்துக்கு நடுவே டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்தார். பேருந்தில் ஏறினார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் யாரோ ஏறினார்கள், சக்கர நாற்காலிக்குப் பலகை இறங்கியது, ஏறியது. அவர் உட்காரவில்லை. ஓட்டுநரின் பின்னாலேயே நின்று, அந்த மனிதரின் பிடரியைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மருத்துவமனைக்குள் நுழைந்தபோது சோய்ஹா கையெழுத்துப் போட்டுவிட்டு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றாள். விடுதிச் சீருடை. ஆட்ரி வழியை மறித்துக்கொண்டு இளம் மருத்துவர் ஒருவரிடம் ஏதோ வாதாடிக்கொண்டிருந்தாள். மருத்துவரின் முகம் பொறுமையாக, ஆனால் முடிவு செய்துவிட்ட முகமாக இருந்தது.

பிங்குக்கு உணவக ஆங்கிலம்தான் வரும். மேசைமேல் கிடந்த வெள்ளைக் காகிதத்தைத் திருப்பிப் போட்டார். டப்பாவைத் திறந்து முள்ளை அதன்மேல் வைத்தார். ஒரு சுண்டுவிரல் நீளம். அரிவாள்போல் வளைவு. நுனி ஊசி.

"இது ஒண்ணு இங்க," என்றார். பிறகு குழந்தையின் தொண்டையைக் காட்டினார். "இதோட ஜோடி அங்க."

மருத்துவர் குனிந்து பார்த்தார். காகிதத்தை விளக்குக்கு நேராகத் தூக்கினார்; முள் மறைந்தது. இறக்கினார், தெரிந்தது. பிறகு திரும்பி, சோய்ஹாவின் தோளில் நனைந்திருந்த இடத்தைப் பார்த்தார்.

"உட்காருங்கம்மா," என்றார்.

மயக்க மருந்து கொடுத்துக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்றார்கள். குழந்தையை உள்ளே கொண்டுபோனார்கள். பிங்கும் கிழவரும் நடுவே ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு உட்கார்ந்திருந்தார்கள். சோய்ஹா உட்காரவில்லை.

"அந்த மீனை யாரு குடுத்தது?" என்று கேட்டாள். பிங்கைப் பார்த்துத்தான் கேட்டாள்.

பிங் தரையைப் பார்த்தார். ஆட்ரி வாயைத் திறந்தாள்.

"நான்தான்," என்றார் கிழவர்.

சோய்ஹா மெதுவாகத் திரும்பினாள். "கேட்டேனேப்பா. டாக்டர் முன்னாடி மூணு தடவை கேட்டேனே. அவ என்ன சாப்பிட்டான்னு கேட்டேனே."

"சோறு சோறுன்னு சொல்லிச் சொல்லி, கடைசியில நானே நம்பிட்டேன் மவளே."

அவள் அவருக்கு முதுகைத் திருப்பிக்கொண்டாள். அதைத் தாங்க முடியாமல் கிழவர் எழுந்து சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். முக்கால் மணி நேரம் அப்படியே நின்றார். ஒரு கட்டத்தில் பிங் எழுந்து போய், நாற்காலியைத் தூக்கி அவர் பின்னால் வைத்துவிட்டு வந்தார்.

கதவு திறந்தபோது மருத்துவர் கையில் சின்னக் கண்ணாடிக் கிண்ணம் இருந்தது. "கீழ இறங்கி, உணவுக்குழாய் வாசல்ல குத்திக்கிட்டு நின்னுச்சு. இன்னிக்கு விட்டிருந்தா நாளைக்குச் சீழ் கட்டியிருக்கும்," என்று ஆட்ரியிடம் சொன்னார். அவள் அதைச் சீனத்தில் சொல்லி முடிக்குமுன் அழுதுவிட்டாள். பிங் கிண்ணத்தை வாங்கிக் காகிதத்தில் இருந்த முள்ளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரே வளைவு.

"ரெண்டு பக்கமும் பத்து," என்றார். பிறகுதான் சமையல் மேலங்கியைக் கழற்றினார்.

நடந்ததை எழுதி மேலிடத்துக்கு அனுப்பவேண்டும் என்பது சட்டம். மறுவாரம் ஆட்ரி படிவத்தோடு சமையலறைக்கு வந்தாள். 'காரணம்' என்ற கட்டம் காலியாக இருந்தது.

"தாத்தா குடுத்ததுன்னு எழுதட்டுமா?"

"தாத்தான்னா குடுக்கத்தான் செய்வாரு. அவரு கைக்கு எட்டுற இடத்துல மீனு எப்படி வந்துச்சு? அதை எழுதுங்க."

அவள் பேனாவை வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு முழு மீனை வைக்கச் சொன்னது நான் என்று எழுதி, தன் பெயரைப் போட்டாள். கோடைக்காலம்வரை பள்ளியில் மீன் கூடாது என்று பள்ளியின் நிர்வாகக் குழு முடிவு செய்தது. பிங் வாதாடவில்லை. வெள்ளிக்கிழமைக்கு டோஃபு வாங்கினார்.

கிழவர் ஒரு மத்தியானம் சமையலறைப் பின்வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பையில் நான்கு ஆரஞ்சு, காம்பும் இலையுமாக.

"நீ பிடிச்ச பிடி இன்னும் வலிக்குது," என்றார், மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு.

"மன்னிச்சுக்குங்க பெரியவரே."

"நீ எதுக்குக் கேக்கற? நீ மட்டும் அன்னிக்கு விட்டிருந்தீன்னா…" பையை நீட்டினார். பிங் இரண்டு ஆரஞ்சை எடுத்துக்கொண்டு, புத்தாண்டு வழக்கப்படி இரண்டைப் பையிலேயே வைத்துத் திருப்பிக் கொடுத்தார். கிழவர் பையை வாங்கிக்கொண்டு போனார்.

யான்யீ பத்து நாள் கழித்துப் பள்ளிக்கு வந்தாள். இளைத்திருந்தாள். வீட்டில் பால் தவிர எதுவும் இறங்கவில்லை, கரண்டியைக் கண்டாலே தொண்டையைப் பொத்திக்கொள்கிறாள் என்று சோய்ஹா வாசலில் சொல்லிவிட்டு வேலைக்கு ஓடினாள். அன்று வேகவைத்த முட்டை. மற்ற குழந்தைகள் கிண்ணத்தைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தன. அவள் உதட்டை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு ஆசிரியை கொஞ்சிப் பார்த்தாள். இன்னொருத்தி பாட்டுப் பாடிப் பார்த்தாள். கிண்ணம் ஆறிக்கொண்டிருந்தது.

பிங் சித்தப்பா சமையலறையிலிருந்து வெளியே வந்தார். அவளுக்கு எதிரே, முழங்கால் முகவாயைத் தொட, குழந்தைகள் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"முள்ளு இருக்கா?" என்று கேட்டாள், கையைத் தொண்டையிலிருந்து எடுக்காமல்.

"முட்டைக்கு ஏது முள்ளு?"

"மீனுக்கும் இல்லன்னு தாத்தா சொன்னாரு."

அவள் கிண்ணத்தை இரண்டு விரலால் அவர் பக்கம் தள்ளினாள்.

"மொதல்ல நீ."

அவர் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டார். அவசரப்படாமல் மென்றார். விழுங்கினார். பிறகு இரண்டு கையையும் மேசையில் ஊன்றிக் குனிந்து, தன் முகத்தை அவள் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்து, கண்ணை மூடிக்கொண்டு, கடைவாய்ப் பற்களும் உள்நாக்கும் தெரிய வாயை எவ்வளவு திறக்க முடியுமோ அவ்வளவு திறந்து காட்டினார். அவள் நாற்காலியில் ஏறி நின்று, எட்டிப் பார்த்து முடிக்கிறவரை மூடவில்லை.